சகேயுவின் வீட்டுக்கு வந்த இரட்சிப்பு



"நான் இரட்சிக்கப்பட்டு பத்து வருஷம் ஆச்சு" என்று சாட்சி சொல்கிறோம். நல்லது. ஆனால் நம்முடைய கணக்குப் புஸ்தகம் இரட்சிக்கப்பட்டதா?

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் எரிகோவின் ஆயக்காரர் தலைவனான சகேயுவைப் பார்க்கிறோம். தன் குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது பிரமாணம் (எண்ணாகமம் 5:7). இவனோ, ஆட்டைத் திருடி விற்றவனுக்குரிய நாலு மடங்கைத் (யாத்திராகமம் 22:1) தன்மேல் ஏற்றுக்கொண்டான்.

வரிசையைக் கவனியுங்கள். அவன் கொடுத்ததினால் இயேசு வரவில்லை. இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டு வந்ததினால் அவன் கொடுத்தான். கிருபை முந்தினது, கனி பிந்தினது.

வேதாகமக் கல்லூரியில் இதை எழுதிப் பாஸ் பண்ணினவன் நான். ஆனால் நான் கடை வைத்திருந்த நாட்களில் ஒரு விதவைத் தாயார் கணக்கில் கூட்டி எழுதின 340 ரூபாய் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் நாலு மடங்காய்க் கொண்டுபோனேன்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. நீ எப்ப வருவேன்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்கள். அந்த ராத்திரிதான் நிம்மதியாய்ப் படுத்தேன்.

பிரியமானவர்களே, உங்களையும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? இன்றைக்கே போங்கள். ஆமென்.