88ஆம் எண் ஆட்டக்காரர்

நுழையும்முன்

அரங்கின் ஆரவாரம் பெரும்பாலும் புள்ளி எடுத்தவருக்கே உரியதாகிறது. அவர் ஓடுவதற்கு வழியமைத்துத் தந்தவரைக் கவனிப்போர் சிலரே. இவ்விரண்டு பணிகளையும் ஒருவரே ஆற்றவேண்டிய இடம் ஒன்று அமெரிக்கக் கால்பந்தில் உண்டு. அவ்விடத்தில் ஆடிப் புகழ்பெற்ற ஜான் மேக்கி, களத்திலும் நீதிமன்றத்திலும் ஆற்றியவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவதே அவ்விளையாட்டின் இயல்பு. அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவாட்டர்பேக் எனப்படுபவர் பந்தை எறிய, ஓடிப் பிடிப்போர் சிலர். எதிரணியினர் குவாட்டர்பேக்கை நெருங்காதவாறு உடலால் தடுத்து நிற்போர் சிலர். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் 'டைட் எண்ட்' மட்டும் இரு கூட்டத்தையும் சேர்ந்தவர். ஓர் ஆட்டத்தில் மலைபோல் மோதித் தடுப்பார். அடுத்ததில் மான்போல் ஓடிப் பந்தைப் பிடிப்பார்.

1941ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த மேக்கி, ஒரு கிறித்தவப் போதகரின் மகன். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அவருடைய அறைத் தோழராக இருந்தவர் எர்னி டேவிஸ். கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் விருதை 1961இல் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர்தாம். தொழில்முறைப் போட்டி ஒன்றிலும் ஆடாமலே, 1963இல் இரத்தப் புற்றுநோயால் டேவிஸ் மறைந்தார். அதே ஆண்டில் மேக்கி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் ஆடத் தொடங்கினார்.

அதுவரை டைட் எண்ட் என்றாலே தடுப்பதில் வல்லவர், தேவைப்பட்டால் குறுகிய தொலைவில் பந்தைப் பிடித்துக் கீழே விழுபவர் என்னும் எண்ணமே பரவலாக இருந்தது. மைக் டிட்கா போன்ற ஓரிருவர் அதனை மாற்றத் தொடங்கியிருந்தனர். மேக்கியோ பந்தைப் பிடித்த பிறகுதான் தம் ஆட்டத்தையே தொடங்கினார். தம்மைப் பற்றியவர்களை இழுத்துக்கொண்டே ஓடுவார். குறுக்கே வந்தோரை மோதிச் சாய்ப்பார். 1966இல் அவர் எடுத்த 9 டச்டவுன்களுள் 6, ஒவ்வொன்றும் 50 கெஜமோ அதற்கு மேலோ கடந்து பெற்றவை. பருத்த உடலுடன் தடுப்பு வரிசையில் நிற்கும் ஒருவர் இவ்வாறு ஓடுவதை எவரும் எதிர்பார்த்ததில்லை. தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் 50 ஆண்டுகளுக்குரிய தலைசிறந்த டைட் எண்டாக 1969இல் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1971 சனவரியில் மயாமியில் நடைபெற்ற ஐந்தாம் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில், ஜானி யுனைட்டஸ் வேறொரு வீரரை நோக்கி எறிந்த பந்து அவ்வீரரின் விரலில் பட்டு எகிறியது. டல்லஸ் அணியின் மெல் ரென்ஃப்ரோவையும் உரசி மேக்கியின் கைக்கு வந்தது. 75 கெஜ டச்டவுன்! ஒரே அணியினர் இருவர் அடுத்தடுத்துப் பந்தைத் தொட்டால் அந்த எறிதல் செல்லாது என்பது அன்றைய விதி. எனவே, இடையில் ரென்ஃப்ரோவின் விரல் பட்டதா என்பதே பெரும் வாதமாயிற்று. பட்டதென நடுவர்கள் தீர்த்தனர். பால்டிமோர் 16-13 என வென்றது.

அவர் பெயரை இன்றும் பலர் இந்த ஒரு நிகழ்வோடு சேர்த்தே நினைவுகூர்கின்றனர். ஆனால் அவருடைய பெரிய வெற்றி, பார்வையாளர் எவரும் ஆரவாரம் செய்யாத இடத்தில் கிடைத்தது.

இரு கால்பந்துக் கூட்டமைப்புகள் 1970இல் இணைந்தபின் அமைந்த ஆட்டக்காரர் சங்கத்தின் முதல் தலைவர் மேக்கி. அவ்வாண்டே ஓய்வூதியம் முதலான உரிமைகளுக்காக வீரர்கள் பயிற்சி முகாம்களுக்குச் செல்லாமல் போராடினர். எனினும் அடிப்படையான சிக்கல் 'ரோசல் விதி' என்று அழைக்கப்பட்ட ஒன்று. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணியில் சேரலாம், தடையில்லை. ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ளும் அணி, பழைய அணிக்கு ஈடு தரவேண்டும். இரு அணிகளும் உடன்படாவிடில் அந்த ஈடு யாது என்பதை ஆணையர் பீட் ரோசல் தம் விருப்பப்படி முடிவு செய்வார். எவரை இழக்க நேருமென்று அறியாத அணி, புதியவரை எப்படித் துணிந்து சேர்க்கும்? கதவு திறந்திருந்தது, வெளியே செல்லும் பாதைதான் இல்லை. 1963 முதல் 1974 வரை ஒப்பந்தக் காலத்தை முழுவதும் ஆடி முடித்த 176 வீரர்களுள் வேறு அணியில் சேர்ந்தோர் 34 பேரே.

மேக்கியும் சக வீரர்களும் கூட்டமைப்பின்மீது வழக்குத் தொடுத்தனர். மினியாபொலிஸ் நகரில் 55 நாள் நடந்த விசாரணைக்குப்பின், வணிகப் போட்டியை முடக்கும் உடன்பாடுகளுக்கு எதிரான சட்டத்தை அவ்விதி மீறுவதாக நீதிபதி ஏர்ல் லார்சன் 1975இல் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்விதி செல்லாதென உறுதிசெய்தது. அதற்குள் மேக்கி 1972ஆம் ஆண்டு ஆட்டங்களை சான் டியேகோவில் ஆடி ஓய்வு பெற்றிருந்தார். தாம் பெற்றுத்தந்த உரிமையைத் தாமே பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்கு இல்லை. 1977 ஒப்பந்தத்தில் வேறு சலுகைகளுக்காகச் சங்கம் அவ்வுரிமையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விரும்பிய அணிக்குச் செல்லும் முழுமையான உரிமை 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பத்து ஆண்டுகளில் 331 பந்துகளைப் பிடித்து 5,236 கெஜம் கடந்தவர், புகழ்க்கூடத்தில் இடம்பெற 1992வரை காத்திருக்க நேர்ந்தது. சங்கப் பணியே அத்தாமதத்திற்குக் காரணம் என்று கருதுவோர் பலர். அதற்குள் கோல்ட்ஸ் அணி இண்டியானாபொலிசுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. புகழ்க்கூட மோதிரத்தை அங்குப் பெற மறுத்த மேக்கி, தம்மைக் கொண்டாடிய பால்டிமோர் மக்களின் முன்னிலையிலேயே அதைப் பெற்றுக்கொண்டார்.

அறுபது வயதையொட்டி அவருடைய நினைவும் நடத்தையும் மாறத் தொடங்கின. மூளையின் முன்மடலையும் பக்கமடலையும் அரிக்கும் மறதிநோய் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். விமான நிலையச் சோதனையில் மோதிரங்களைக் கழற்றச் சொன்னபோது, தம்மிடமிருந்து அவற்றைப் பறிக்கின்றனர் என்றெண்ணி அவர் ஓடியதும் உண்டு. மாத ஓய்வூதியமோ 2,500 டாலருக்கும் குறைவு. அவர் மனைவி சில்வியா, ஐம்பது வயதைக் கடந்த நிலையில் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். தம் இல்லத்தின் நிலையை விளக்கிக் கூட்டமைப்பின் ஆணையர் பால் டாக்லியபூவுக்கு மடல் எழுதினார்.

அம்மடலின் பயனாகக் கூட்டமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் இணைந்து 2007இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. மறதிநோயுற்ற முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு அன்று ஆண்டுதோறும் 88,000 டாலர் வரை வழங்கிய அத்திட்டத்திற்கு, மேக்கியின் சட்டை எண்ணைக்கொண்டு '88 திட்டம்' எனப் பெயரிட்டனர். 2011 சூலையில் மேக்கி மறைந்தார். ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்ட அவருடைய மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிதைவுநோய் இருந்தமை தெரியவந்தது. நடுக்குவாதம் முதலிய நோய்களால் வருந்தும் முன்னாள் வீரர்களுக்கும் அத்திட்டம் பின்னர் விரிவுபடுத்தப்பட்டது.