பதினான்காவதற்குக் கை எழவில்லை



மேல்நாட்டு இசையில் பியானோ "றிசைட்டல்" எனப்படுவது ஒருவரே தனித்திருந்து வாசிக்கும் கச்சேரியாகும். நமது கச்சேரிகளைப் போல அங்கே பக்கவாத்தியம் இல்லை. வித்துவானின் கற்பனைக்கு இடங்கொடுக்கும் ஆலாபனையும் இல்லை. இயற்றியவர் எழுதிவைத்த ஒவ்வொரு சுரத்தையும், பெரும்பாலும் ஏட்டைப் பாராமலே, வாசித்து முடிக்கவேண்டும். விரல் தவறினால் அதை மூடிமறைக்க வேறொரு வாத்தியமும் கிடையாது. சுகதேகிக்கே இது கடும் உழைப்பு. மரணத்துக்குப் பதினொரு கிழமைகளே எஞ்சியிருந்த ஒருவர் இவ்வுழைப்பில் இறங்கியது தகுமா என்பதையே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறோம்.

அவர் பெயர் டினு லிப்பாட்டி. 1917இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் பிறந்தவர். அந்நாட்டின் இசைமேதை ஜோர்ஜ் எனெஸ்கு அவருக்கு ஞானத்தந்தையாக நின்றவர். பாரிஸில் கற்று, போர்க்காலத்தில் 1943இல் தாயகம் நீங்கி, ஜெனீவாவில் குடியேறி, அங்குள்ள இசைக்கல்லூரியில் கற்பித்தார். சில பெரிய இசைக்கோவைகளைப் பழுதறக் கற்க மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டுமென்று இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் சொன்னவர் என்றால், அவரது மனச்சாட்சி எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இவரை ஹொட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. இன்று அது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய். அன்று அப்படியல்ல. 1950ஆம் ஆண்டுக் கோடையில், அப்போது புதிதாக வந்திருந்த கோர்ட்டிசோன் மருந்து சிறிது பலத்தைக் கொடுத்தது. அந்தப் பலத்தைக் கொண்டு யூலை மாதத்தில் ஜெனீவாவில் பல இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். பலம் நிலைக்கவில்லை.

1950 செப்டெம்பர் 16ஆம் திகதி, பிரான்சின் பெசான்சோன் நகர இசை விழாவில் அவர் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். வைத்தியர்கள் தடுத்தார்கள். கொடுத்த வாக்கை மீற அவர் இணங்கவில்லை. அன்றைய கச்சேரியை வானொலிக்காரர் பதிவு செய்தமையால் இன்றும் அதைக் கேட்கலாம். முதலில் சில சுரங்களை ஓடவிட்டு விரல்களையும் வாத்தியத்தையும் சோதித்துப் பார்க்கிறார். பின் பாக்கின் முதலாவது பார்ட்டீற்றா. அடுத்து, 1778இல் தாயார் பாரிஸில் இறந்த அதே ஆண்டில் அங்கேயே மொசார்ட் எழுதிய சொனாட்டா. பின்னர் ஷூபேர்ட்டின் சிறு இசைக்கோவைகள் இரண்டு. இறுதியாக ஷோப்பானின் பதினான்கு வோல்ஸ்கள். இவை நடனத் தாளத்தில் அமைந்தவை. மொசார்ட் 35 வயதிலும், ஷூபேர்ட் 31 வயதிலும், ஷோப்பான் 39 வயதிலும் மறைந்தவர்கள். வாசித்தவருக்கு வயது 33.

செய்தி தெரியாதவர் இப்பதிவைக் கேட்டால் நோயாளியின் கை என்று சொல்லமாட்டார். இரக்கத்தை யாசிக்கும் ஒரு சுரமும் அதில் இல்லை. பதின்மூன்று வோல்ஸ்கள் முடிந்தன. கடைசிக்கென வைத்திருந்த பதினான்காவதற்குக் கை எழவில்லை.

வைத்தியர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னுஞ் சில நாட்கள் வாழ்ந்திருப்பாரே, உயிர் இறைவனின் கொடையன்றோ, அதை விரயஞ்செய்யலாமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். தடுத்த வைத்தியர்களையும் நாம் குறைகூறோம். தடுப்பது அவர்கள் கடமை. ஆனால் உயிரை அழிப்பது வேறு, செலவிடுவது வேறு. இந்நிகழ்ச்சிக்கு ஏழு ஆண்டுகளின் பின், 1957 நவம்பரில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், சாதாரண வழிகளால் உயிரைப் பேணும் கடமை நமக்குண்டு, ஆயினும் உயிரும் உடல்நலமும் அவற்றிலும் மேலான ஆன்மீக நோக்கத்துக்குக் கீழ்ப்பட்டவையே என்று தெளிவுபடுத்தினார். பெத்தானியாவில் பரிமளத் தைலச் சிமிழை உடைத்த பெண்ணையும் அங்கிருந்தவர்கள் வீண்செலவு என்றே கடிந்தார்கள். ஆண்டவர் யார் பக்கம் பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும். லிப்பாட்டியைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. புகழாசையால் எழுந்து போன ஒருவராகவும் அவரை எண்ண இயலவில்லை.

இனி, கை எழாத அந்த வேளைக்கு வருவோம். வோல்ஸை விட்டுவிட்டு, பாக்கின் ஒரு ஞானப்பாட்டை அவர் வாசித்தார். இயேசுவே நம் ஆனந்தம் என்னும் பொருளுடைய அப்பாட்டு, பாக்கின் 147ஆம் கன்ராற்றாவிலுள்ளது. பாக் லூத்தரன் சபையினர். ஆகவே மாதாவின் விழாவுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. உண்மை வேறு. இந்தக் கன்ராற்றா 1723 யூலை 2ஆம் திகதி, லைப்சிக் நகரில், மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளுக்காகவே பாடப்பட்டது. 1969இல் நமது நாட்காட்டி மாற்றப்படும்வரை நாமும் அத்திருநாளை அதே திகதியில்தான் கொண்டாடினோம். இப்போது மே 31. ஆங்கிலப் பெண்மணியான மைரா ஹெஸ் அப்பாட்டைப் பியானோவுக்கு அமைத்துக் கொடுத்தார்.

லிப்பாட்டிக்கு அது புதிதன்று. 1935 மே மாதத்தில், பதினெட்டு வயதில், பாரிஸில் முதற்கச்சேரி செய்தபோது, மூன்று நாட்களுக்கு முன் இறந்த தம் ஆசிரியர் போல் டுக்காவின் நினைவாக இதே பாட்டைக் கொண்டே தொடங்கினார். பதினைந்து ஆண்டுகள் விரல்களில் ஊறிய பாட்டு அது. நோயில்பூசுதல் கொடுக்கப் போகும் எந்தக் குருவானவரும் இதைக் கண்டிருப்பார்: பிள்ளைகளின் பெயரே மறந்துபோன முதியவர், நாம் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியதும் மீதியைத் தாமே சொல்லி முடிக்கிறார். சிறுவயதில் குத்துவிளக்கின் முன் முழந்தாளிட்டு, பாதித் தூக்கத்தில், தாய் தட்டியெழுப்பச் சொன்ன செபம் அது. அன்று அதற்கு என்ன பயன் கண்டார்கள்? வேறெதற்கும் பலமில்லாதபோது அதற்கு மட்டும் பலமிருக்கிறது.

லிப்பாட்டி அதே ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி ஜெனீவாவில் காலமானார். பெசான்சோனில் அவர் வாசித்த அந்த ஞானப்பாட்டு, இன்று கிடைக்கும் வானொலிப் பதிவில் இல்லை. பதின்மூன்றாவது வோல்ஸோடு அது முடிந்துவிடுகிறது. அதே பாட்டை அந்த யூலையில் இசைத்தட்டுக்காகவும் வாசித்திருந்தார். அது கிடைக்கிறது. நான்கு நிமிடங்களுக்கும் குறைவு.