விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனத்திற்கு



விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. கணினி வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடமாட்டா. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

அதற்காகக் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்குவது வீண்விரயம். முதலில் மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0, ஏற்கப்பட்ட பிராசசர் (இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல்) இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம்.

தகுதி இல்லையா? கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. அதன்பின் லினக்ஸ் இருக்கிறது, காசு கிடையாது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் வந்த 'பாஸ்' லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியதுதான். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் போதும். கடைக் கணக்கை டேலியில் எழுதுவோர் மட்டும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

எதைச் செய்வதானாலும், சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். தாம்பரத்தில் சர்வீஸ் கடைக்குக் கொடுத்தாலும் அந்த நகல் வீட்டிலேயே இருக்கட்டும்.