கல்லாயியின் மர அறுவை மில்கள்

கேள்வி: கோழிக்கோட்டுக் கல்லாயியில் மர அறுவை மில்கள் ஒரு காலத்தில் பெருகியதும் பின்னர் நலிந்ததும் எதனால்?

பதில்: பெருகியது நதியின் உபகாரத்தால். நிலம்பூர்க் காடுகளில் வெட்டுண்ட மரங்கள் தெப்பங்களாகப் பிணைக்கப்பட்டுச் சாலியாற்றின் வழியே செலவின்றி மிதந்துவந்து, கடலோரமான கல்லாயியில் கரையேறி அறுபட்டு, அங்கிருந்தே கப்பலேறின. கப்பல் கட்டுவோரின் ஆசைக்கு மலபார்த் தேக்கு முன்னமே பெரும்பகுதி இரையாகிவிட்டிருந்ததால்தான், 1840களில் மலபார்க் கலெக்டர் கனோலி, தம் கீழிருந்த வன அதிகாரி சாத்து மேனோனின் துணைகொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்க நேர்ந்தது. அது தீர்க்கதரிசனமென்று புகழப்படுகிறது, எனக்கென்னவோ அது காலங்கடந்த பிராயச்சித்தமாகவே தோன்றுகிறது.

நலிவுக்குக் காரணம் மரப் பஞ்சம். காட்டுமரம் அருகியது, அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டமின்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாதென 1996இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. பர்மா, மலேசியா மரங்களைத் தருவித்து அறுத்துச் சில மில்கள் பிழைத்தன. கேரளத்தில் இன்று மரத்தொழிலின் சந்தடி பெரும்பாவூர்ப் பக்கம். அங்கே முக்கிய மூலப்பொருள், பால் வற்றிய ரப்பர் மரம்.