ஏழு கொடுமுடிகள்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. வெயிலேறிய பொழுதில் அதன் படிகளில் ஏறியோர், பாதி வழியிலேயே மூச்சு வாங்குவதை அறிவர். செஞ்சியை அடுத்த சீயமங்கலத்தில், மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயிலைச் சூழ்ந்த குன்றுகளும் அத்தகையனவே. இராஜகிரிகள் முப்பத்தாறினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவரெஸ்டின் உயரம் வரும். அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொரு பங்கே.

எவரெஸ்ட் உட்பட ஏழு கண்டங்களின் மிகவுயர்ந்த சிகரங்களை 172 நாள்களில் ஏறி முடித்தவர், நம் அண்டை மாநிலத்து நெல்லூர் மாவட்டத்தில் பிறந்த மல்லி மஸ்தான் பாபு. வடபெண்ணை பாயும் அந்நிலத்தில், ஓர் எளிய குடும்பத்தில் 1974ஆம் ஆண்டு பிறந்தார். கோருகொண்டா சைனிக் பள்ளியில் பயின்றபோது, அப்பள்ளியின் முன்னாள் மாணவரும் 1985இல் எவரெஸ்ட் பயணத்தில் உயிர்நீத்தவருமான உதயபாஸ்கர் ராவின் சிலை அவர் உள்ளத்தில் மலையேற்ற வேட்கையை விதைத்தது. இறந்த ஒருவரின் சிலை அச்சத்தை விதைக்காமல் ஆவலை விதைத்தது வியப்பே. ஜாம்ஷெட்பூரிலும் கரக்பூரிலும் பொறியியல் பயின்றார். கொல்கத்தாவில் மேலாண்மை பயின்றார். உயர்ந்த ஊதியம் காத்திருந்தும் மலைகளையே தேர்ந்தார்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 19இல் அண்டார்க்டிகாவின் வின்சன் சிகரத்தில் தொடங்கினார். தென்கோளத்தின் கோடை அப்போதுதான் நிலவும். அக்கோடை கழியுமுன் தென் அமெரிக்காவின் அகன்காகுவாவை அடைந்தார். பின்னர்க் கிளிமஞ்சாரோ, கோசியஸ்கோ. பருவமழைக்கு முன் காற்றுத் தணியும் சில நாள்களே எவரெஸ்டுக்கு உரியவை. மே 21இல் அதன் உச்சியில் நின்றார். எல்பிரஸை முடித்து, ஜூலை 10இல் அலாஸ்காவின் டெனாலியை எட்டினார். கால்வலிமை மட்டும் இதற்குப் போதாது. நாள்காட்டியைப் படிக்கும் அறிவும் வேண்டும். இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. அவர் ஏழு உச்சிகளையும் அடைந்த நாள்களைக் கிழமைப்படி நோக்கினால், ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைகளும் ஒவ்வொரு முறை வந்திருக்கும்!

ஆண்டிஸ் மலைத்தொடர் அவரை மீண்டும் மீண்டும் ஈர்த்தது. அங்கே பலமுறை தனித்தே ஏறினார். மலையேறுவோர் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொள்வது வழுக்கி வீழாமைக்கு மட்டுமன்று. உயிர்வளி குறையும்போது முதலில் மங்குவது அறிவு. தம் அறிவு மங்குவதைத் தாமே உணர்தல் அரிது. திரும்பிவிடுவோம் என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். தனிப்பயணத்தில் அக்குரல் இல்லை. ஆயினும் தனிமையின் நிறைவைத் தேடுவோர் இவ்விடரை அறிந்தே செல்கின்றனர். அவர்களை அறியாமை உடையோர் என்பது பொருந்தாது.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம், அர்ஜென்டினா–சிலி எல்லையிலுள்ள டிரெஸ் குரூசஸ் மலைப்பகுதிக்குத் தனியே சென்றார். மார்ச் 24க்குப் பின் அவரிடமிருந்து செய்தியில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், தேடிச் சென்றோர் அவர் உடலைக் கண்டனர். அப்போது அவருக்கு வயது நாற்பது. அம்மாத இறுதியில் அவ்வுடல் கடல்கள் கடந்து நெல்லூர் மாவட்டத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.