கணினிக்குள் ஒரு மொழி குடிபுகும் வகை

தோற்றுவாய்

அரபு எழுத்தில் தமிழை எழுதப் புகுந்த நம் முன்னோர், அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துகளின்மேலேயே புள்ளிகளும் குறிகளும் இட்டு அரபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். உமறுப்புலவர் அரபுச் சொற்களைச் சீறாப்புராணத்தின் யாப்புக்குள் இயைய வைத்தார். கைக்கு வந்த கருவியை மொழிக்கேற்பத் திருத்திக்கொண்டார்களேயன்றிக் கருவிக்காக மொழியைச் சிதைத்தார்களில்லை. இந்நாளில் அக்கருவி கணினியாகும். அதனுள் தமிழைக் குடியேற்றும் பணி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டற்ற மென்பொருள்

1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. இவ்வுரிமையால், ஒரு மொழியைச் சேர்ப்பதற்கு எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கையும் நாம் எதிர்நோக்கி நிற்க வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய கே.டி.இ., 1997இல் தொடங்கிய க்னோம் ஆகிய திட்டங்களில் மொழிதோறும் தன்னார்வக் குழுக்கள் இப்பணியை ஆற்றி வருகின்றன.

பணியின் அமைப்பு

திரையில் தோன்றும் தொடர்கள் யாவும் நிரலினின்று பிரித்தெடுக்கப்பெற்று ஒரு வார்ப்புருக் கோப்பில் தொகுக்கப்படுகின்றன. புதுமொழி ஒன்றைத் தொடங்குவோர் அதனைப் படியெடுத்து, தலைப்பகுதியில் மொழியின் குறியீட்டையும் எழுத்துக் குறியாக்கத்தையும் பன்மை விதியையும் குறிக்கின்றனர். பின்னர் ஒவ்வோர் ஆங்கிலத் தொடரின் கீழும் தம் மொழித்தொடரை எழுதுகின்றனர். நிரல் எழுதும் பயிற்சி இதற்குத் தேவையில்லை. வேண்டுவது இருமொழித் தெளிவே.

பன்மை விதி சிந்திக்கத்தக்கது. தமிழுக்கு ஒருமை, பன்மை என இரு வடிவங்கள் போதும். இருமையும் உடைய அரபு மொழிக்கு ஆறு வடிவங்கள் வேண்டும். சீன மொழிக்கு ஒன்றே போதும். இவ்வேறுபாடுகளை ஏற்கும் இடம் கோப்பிலேயே உண்டு.

இலக்கணம் பயன்படுமிடம்

ஒரு கோப்பினை ஓர் உறையில் படியெடுக்கும் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வினை முன்னே நிற்கும். கோப்பின் பெயரும் உறையின் பெயரும் பின்னே வரும். அப்பெயர்கள் முன்கூட்டித் தெரியாதவை. ஆதலின் அவ்விடங்களில் இடங்காட்டிக் குறிகள் நிற்கும். தமிழில் வினை இறுதியில் வருமாதலின் குறிகளுக்கு எண்ணிட்டு அவற்றின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

ஆயினும் இடர்ப்பாடு வேற்றுமை உருபில் தோன்றுகின்றது. ‘கடிதம்’ என்ற பெயருடன் ஐயுருபு சேர்ந்தால் ‘கடிதத்தை’ என்றாகும் என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது. குறியின் பக்கத்தே ‘ஐ’ என்று எழுதிவிட்டால், திரையில் ‘கடிதம்ஐ’ என்றே தோன்றும். ‘கடிதம் என்னும் கோப்பை’ என அமைத்தாலோ, எப்பெயர் வரினும் தொடர் வழுவாது. தொல்காப்பிய உருபியலையும் அத்துச் சாரியையையும் பயின்ற தமிழ் மாணவர் இவ்வழுவை எளிதிற் காண்பர்.

‘ஓப்பன்’ என்ற ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் ‘திற’ என்னும் ஏவல். பிறிதோரிடத்தில் ‘திறந்துள்ளது’ என்னும் நிலை. எனவே அத்தொடர் திரையில் எங்கே தோன்றுகிறது என்று கண்டறிந்த பின்னரே எழுதுதல் வேண்டும். ஒருவர் ‘சேமி’ என்றும் மற்றொருவர் ‘காப்பாற்று’ என்றும் எழுதினால் பயன்படுத்துவோர் மயங்குவர். ஆகவே சொற்பட்டியல் ஒன்றை முதலிலேயே வகுத்துக்கொள்வது குழுவின் கடமை.

தொடங்குதலும் தொடர்தலும்

மென்பொருள் ஆண்டுதோறும் வளர்வது. மூலத்தொடர் சிறிது மாறினும் பழைய மொழிபெயர்ப்பின்மீது ஐயக்குறி விழும். அதனை ஒருவர் சரிபார்த்து நீக்கும்வரை திரையில் பெரும்பாலும் ஆங்கிலமே தோன்றும். ஊக்கத்துடன் தொடங்கியவர் விலகிவிட்டால், தமிழும் ஆங்கிலமும் விரவிய திரையே எஞ்சும். அதைக் காணும் முதியவர், ‘தமிழ் இதற்கு உதவாது’ என்று கருதி ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொள்வார். குறை மொழியினுடையதன்று, கைவிட்டவருடையது.

நிறைவாக

தமிழ்த்துறை மாணவர் நால்வரும் கணினித்துறை மாணவர் ஒருவரும் சேர்ந்து, சிறியதொரு மென்பொருளைத் தெரிந்தெடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, உரிய மொழிக்குழுவிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் கல்லூரியை விட்டுச் செல்லும்போது அடுத்த ஆண்டு மாணவர்க்குச் சொற்பட்டியலையும் பொறுப்பையும் கையளித்துச் செல்லட்டும். பெயரறியாத எவரோ பயனடையும் இப்பணி நிலையான தர்மத்தைச் சாரும். ஏற்ற பின் பேணிக் காத்தலோ, நம்மிடம் வைக்கப்பட்ட அமானிதமாகும்.