சூலியா தெருவில் ரதம் பார்க்கப் போகும் தாய் தகப்பன்மார்களுக்கு



தை பிறந்துவிட்டால் போதும், என் மருந்தறைக்கு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, கதவருகே நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "டிரஸ்ஸர் ஐயா, பினாங்குக்கு ரதம் பார்க்கப் போறோம். சின்னதையும் தூக்கிட்டுப் போகலாமா?" (பதவியின் பெயர் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் இன்னும் டிரஸ்ஸர்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.)

போகலாம். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. வருஷம் முழுக்கக் குலை வெட்டி, உதிரி பொறுக்கி, மிச்சம் பிடித்த வெள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஊர் காட்ட வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. ஆனால் பெரியவர்கள் போகிற மாதிரியே கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-ல் வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்குத் தெரு கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டால், தண்ணீர்மலை போய்ச் சேர இரவாகிவிடும். 2017 முதல் குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. இரண்டுக்கும் சேர்ந்த கூட்டம் சூலியா தெருப் பக்கம்தான் நெருக்குகிறது. படகுத்துறையில் இறங்கி நடந்து வருகிறவர்களும் அந்தப் பக்கமாகவே நுழைகிறார்கள். பழைய காலத்துத் தெரு அது. மாட்டு வண்டிக்குப் போட்ட அகலம். இரு பக்கமும் கடை, கடை வாசலில் ஐந்தடி நடைபாதை, அதிலும் மோட்டார் சைக்கிளும் பெட்டியும் அடுக்கியிருக்கும். நடுவில் மலை மலையாகத் தேங்காய். ரதம் எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு வரும் என்று வருஷா வருஷம் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஒன்பது பேர் ஒரே வேனில் போனோம். என் மகனுக்கு அப்போது நாலு வயசு. தேங்காய் உடைக்கத் தொடங்கியதும் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பையன் அவன் அம்மாவிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவள் என்னிடம் இருக்கிறான் என்று நினைத்தாள். என் மாமியாரோ கொழுந்தன் தூக்கியிருக்கிறான் என்று நினைத்தார். ஒன்பது ஜோடிக் கண், ஒரு பிள்ளை, ஒருவரும் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம். நான் ஊருக்கெல்லாம் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறவன், அன்றைக்கு என் வாயில் மகன் பெயர்கூடச் சரியாக வரவில்லை. அடுத்த சந்து முனையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில், கவிழ்த்துப் போட்ட பானப் பெட்டிமேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். பந்தலில் இருந்த ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "அப்பா தொலைஞ்சு போயிட்டாரு"ன்னு சொன்னானாம்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வேனை விட்டு இறங்கும் முன்பே, எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுவோம். கழிப்பறைக்குப் போவதானாலும் "இவனை உன்கிட்ட விடறேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்; மற்றவர் "சரி, என்கிட்ட இருக்கான்" என்று பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் ஷிப்டு மாறும்போது நோயாளியை ஒப்படைக்கிற முறைதான் இது. வேடிக்கையாகத் தெரியும். செய்து பாருங்கள்.

காலையில் கிளம்பும்போதே பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். என்ன சட்டை போட்டிருந்தான் என்று போலீஸ்காரர் கேட்டால் பெற்ற தாய்க்கும் அந்த நேரத்தில் மறந்து போகும். உங்கள் எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதி, சட்டைக் கைக்குள் மறைத்துவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனை எல்லாம் பிள்ளை நம்பிவிடும். கூட்டத்தில் போன் சில வேளை கிடைக்காது. ஆகவே பிரிந்து போனால் வந்து சேர ஓர் இடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் இருக்கும் நாகூர் தர்காவை நாங்கள் சொல்லிக்கொள்வோம். கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். நாலு ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூலையெல்லாம் தெரியாது. அதற்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: "அம்மாவைக் காணோம்னா ஓடாதே, அங்கேயே நில்லு. குழந்தை வச்சிருக்கிற அம்மாகிட்டயோ போலீஸ்கிட்டயோ சொல்லு." பிள்ளையைக் காணவில்லை என்றால் ஒருவர் அதே இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர் தேட வேண்டும். போலீசிடம் உடனே சொல்லுங்கள், தேடி முடித்த பிறகு சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

அடுத்தது நெரிசல். மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. நின்ற நிலையிலேயே, நாலு பக்கமும் அழுத்தி, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று போகிறது. 2022 அக்டோபர் 29-ந் தேதி இரவு தென்கொரியாவின் சியோல் நகரில் இத்தேவோன் என்ற இடத்தில், ஒரு குறுகிய சந்தில், அப்படி 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வாலிப வயதுக்காரர்கள். அப்படியானால் பிள்ளையின் கதி என்ன? அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் பெரியவர்களின் இடுப்பும் பையும்தான் இருக்கிறது. காற்றே கிடையாது.

ஒரு சதுர மீட்டரில் நாலைந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்கிவிட்டது என்பார்கள். அளவு நாடா எடுத்துப்போக வேண்டாம். உங்கள் தோள் இரண்டு பக்கமும் அந்நியர் தோளில் முட்டுகிறதா, நீங்கள் நடக்காமலே கால் நகர்கிறதா? அப்போதே பிள்ளையோடு வெளியேறுங்கள். ரதம் பக்கத்தில் வருகிறது, இன்னும் ஐந்து நிமிஷம் என்று நிற்காதீர்கள். கூட்டம் அலை மாதிரி தள்ளும். எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓய்ந்த இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். பிள்ளையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தித் தூக்கி, உங்கள் முழங்கையை முன்னால் வைத்து நெஞ்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். சிலிப்பர் கழன்றால் போகட்டும், குனியாதீர்கள். தள்ளுவண்டியை நடுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. தோளில் உட்கார வைப்பது ஓரமாக நின்று பார்க்கும்போது சரி, நெரிசலில் நடக்கும்போது சரியில்லை. உங்கள் கால் தடுக்கினால் அது விழுவது ஆறடியிலிருந்து.

நல்ல இடம் எது என்று கேட்பீர்கள். தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் இல்லை. பக்கச் சந்தின் வாயில், பின்னால் போக வழி இருக்கிற இடம். வேலியோ சுவரோ முதுகில் இருந்தால் அங்கே நிற்காதீர்கள். தேங்காய்ச் சில்லு தெறிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடைக்கிறவர் பக்திப் பரவசத்தில் இருப்பார், எங்கே தெறிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பிள்ளையின் கண்ணில் தூசி துகள் பட்டால் கசக்க விடாமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். சில்லு குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின்மேல் அழுத்தாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேரே பொது மருத்துவமனைக்குப் போங்கள். நேர்த்திக்கடன் உங்களுக்கு இருக்கலாம், பிள்ளைக்கு இல்லை. அதன் காலுக்குச் செருப்பு போடுங்கள். இளநீர்த் தண்ணீரும் சிரட்டைத் துண்டுமாக ரோடு வழுக்கும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் வரும் நாட்களில் பினாங்கில் மழை குறைவு, சூடு அதிகம். சின்னப் பிள்ளையின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும், வியர்வையும் நம் அளவுக்கு வராது. நாம் என்ன செய்கிறோம்? புதுச் சட்டை, நைலான் பட்டுப் பாவாடை, உள்ளே பெம்பர்ஸ், போதாததற்கு வெயில் படக்கூடாதென்று தள்ளுவண்டியைத் துண்டால் மூடிவிடுகிறோம். மூடிய வண்டிக்குள் காற்றோட்டம் நின்று, வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு கூடிவிடும். "தூங்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஒரு தாய் சொன்னார். நான் துண்டை விலக்கிப் பார்த்தபோது அது தூக்கம் இல்லை, சோர்வு. நிழலுக்குத் தூக்கிப்போய் ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து பால் குடித்தது. அன்று நல்ல காலம்.

பருத்திச் சட்டை, தொப்பி, அவ்வளவு போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பெரிய பிள்ளைக்குத் தாகம் என்று கேட்கும் வரை காத்திராமல் சிறுகச் சிறுகத் தண்ணீர் கொடுங்கள். வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்துப் போவது நல்லது. பந்தலில் அன்போடு கொடுக்கிற சிவப்புச் சர்பத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு கோப்பை சீனித் தண்ணீர் குடித்த பிள்ளைக்கு வயிற்றால் போனால் பஸ்ஸில் யார் பாடு? வாய் உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக ஒன்றுக்கும் போகாமல் இருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். உப்புச் சீனிக் கரைசல் பாக்கெட் என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக்கூடாது, உப்பு கூடினால் கெடுதல். இதென்ன பெரிய மருந்தா என்று நினைக்காதீர்கள். 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த வகைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிரைக் காப்பாற்றினார்.

உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பிள்ளை பேச்சுக் குழறினாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு. காய்ச்சல் மருந்து அதற்குக் கேட்காது. நிழலில் படுக்க வைத்து, உடுப்பைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-க்குச் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் முதலுதவிக் கூடாரத்துக்கு ஆளனுப்புங்கள். மயங்கின பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

முடி இறக்குகிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் கண் முன்னால் புது பிளேடு உறை பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பிளேடு பல தலைக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். மொட்டை அடித்த தலைக்குச் சந்தனம் குளிர்ச்சிதான், வெயிலைத் தடுக்காது. தொப்பி போடுங்கள்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்? என்னைக் கேட்டால், மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் வெயில் ஏறுமுன் ரதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். தண்ணீர்மலைவரை நடந்தே தீர வேண்டும் என்கிற பெரியவர்கள் நடக்கட்டும், ஒருவர் பிள்ளையோடு திரும்பட்டும். யார் திரும்புவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அது எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பள்ளி விடுமுறையில் தெலுக் பஹாங்கில் இருக்கிற கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே உயரம் அளந்து, குறைந்த பிள்ளையை ஏற்றமாட்டேன் என்பார்கள். காசு கொடுத்தோமே என்று சண்டைக்கு நிற்காதீர்கள். அந்த அளவுகோல் உங்கள் பிள்ளைக்காக வைத்தது.

திரும்பி வந்ததும் குளிப்பாட்டி, பாதத்தைப் பாருங்கள், சில்லு ஏதும் ஏறியிருக்கும். மறுநாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் வேலை முடிந்த பிறகு என்று இருக்காமல் காலையிலேயே தூக்கி வாருங்கள். மருந்தறை பூட்டியிருந்தால் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.